மருந்துப் பெட்டியும் சிறைச் சாவியும் ஒரே கையிலா?

1961 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வடக்குக் கிழக்குக் கச்சேரிகளின் வாயிலில் நடந்த சத்தியாக்கிரகத்தை அடக்குவதற்கென அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. தமிழரசுக் கட்சியின் தலைவர்கள் கைது செய்யப்பட்டு, கொழும்புக்குக் கிழக்கேயுள்ள பனாகொடை இராணுவ முகாமிலே மாதக்கணக்கில் விசாரணையின்றி வைக்கப்பட்டார்கள். இராணுவ முகாம் தமிழனுக்குச் சிறைச்சாலையான கதையில் முதற் பெரிய அத்தியாயம் அதுவெனலாம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. வன்னியில் மலையக அகதிகளைக் குடியேற்றி உழைத்த காந்தீயம் அமைப்பின் டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டு, அதே பனாகொடையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு ஜூலை 27 ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிலே அவர் கொல்லப்பட்டார். ஜூலை 25 ஆந் திகதியும் 27 ஆந் திகதியும் அச்சிறையில் உயிரிழந்த தமிழர் 53 பேர். பிறர் நோய் தீர்க்கக் கற்ற ஒருவர் நோயாளியைப் பார்க்க முடியாத இடத்தில் அடைபட்டு மாண்டார்.

அதன் பின் வந்த பட்டியல் நீண்டது. வடக்கிலும் கிழக்கிலும் பிடிபட்ட இளைஞர்கள், நாட்டின் தென்கோடியிலே காலிக்கு அருகேயுள்ள பூசா முகாமிற் குவிக்கப்பட்டார்கள். 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆந் திகதி கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை விடுதிகளிலிருந்த 376 தமிழர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து துரத்தப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அவ்வாண்டு இறுதியில் தலைநகரைச் சுற்றிவளைத்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பூசாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்டுக் கடற்படையின் பிடியில் இருந்ததாகக் கூறப்படும் பதினொருவரிலே கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீடு திரும்பவில்லை. 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் காணாமற் போனோர் பற்றிய செயற்குழு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குச் சென்று, நிலத்தின் கீழே மறைந்திருந்த சிறையறைகளைக் கண்டது.

இத்தனை ஆண்டுகளிலும் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்டு வந்தோம். பிள்ளை எங்கே? பிள்ளை எப்போது வெளிவருவான்? இவ்விரண்டையும் ஊர்வலத்தில் கேட்டோம், பாராளுமன்றத்திற் கேட்டோம், ஆட்கொணர்வு மனுவிற் கேட்டோம். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. வெளிவருபவன் எந்த மனத்தோடு வருவான்? அதை நாம் கேட்கவில்லை. இக்கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது.

கையெழுத்திட்ட மனிதன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரர் வெள்ளவத்தையில் என்னைக் காண வந்தார். இரணைமடுக் குளத்து நீரில் நெல் விதைத்த குடும்பம். ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டுக் குற்றப்பத்திரமின்றி விடப்பட்டவர். மகனை மீட்க அலைந்த தகப்பன் வயலில் ஒரு பகுதியை ஈடு வைத்திருந்தார். அந்தக் காணி விவகாரம் பற்றியே மகன் வந்தார்.

கதவைச் சாத்தியதும் எழுந்து நின்றார். திறந்து விட்ட பின்பே அமர்ந்தார். எதிரே வைத்த தண்ணீரை, "குடிக்கலாமோ ஐயா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார். வழக்குக்கான பத்திரத்தை அவர் முன் நீட்டி, வாசித்துப் பாருங்கள் என்றேன். அவர் வாசிக்கவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு, "எங்கை போடவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

இருபது ஆண்டுகளாகக் கறுப்பு அங்கி அணிகிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவை எத்தனையோ மேடைகளிற் கண்டித்திருக்கிறேன். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரிக்கு அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அப்பிரிவு சாட்சியமாக ஏற்கிறது; அது பலவந்தத்தால் வந்தது என்று நிரூபிக்கும் பாரத்தைக் கைதியின் தலையிற் சுமத்துகிறது. அதன் முழுப் பொருளும் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. ஒரு மனிதனை வாசியாமற் கையெழுத்திடும் நிலைக்குக் கொண்டு வந்த பிறகு, அவன் உடம்பிலே தழும்பு தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. தழும்பு வேறிடத்தில் இருக்கிறது.

தவணை முறையில் வரும் நோய்

குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவனுக்கு ஓர் எண் உண்டு. ஐந்து வருடமென்றால் ஐந்து வருடம். அவன் சுவரிலே கோடு கிழிக்கிறான். ஒவ்வொரு கோடும் ஒரு நாளைக் குறைக்கிறது. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவனுக்கு அந்த எண் இல்லை. 1979 இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டு வரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட இச்சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, தடுப்புக் கட்டளை மும்மாதத்துக்கு மும்மாதம் நீட்டப்படுவது. முன்னர் இதன் எல்லை 18 மாதம். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதமாக்கிற்று. அந்த எல்லைக்குப் பின்னும் விளக்கமறியல் தொடரும். எங்கே வைப்பது, எவ்வாறு வைப்பது என்பவற்றை அமைச்சரே தீர்மானிக்கலாம். இராணுவ முகாமும் பொலிஸ் மாடியும் சிறையாவதற்கு வாசல் திறப்பது இந்தச் சொற்கள்தாம்.

இதைக் கமக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்தாற் பயிர் போயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த போகத்துக்கு ஆயத்தமாகலாம். இன்று பெய்யும், நாளை பெய்யும் என்று விதை நெல்லை மடியிற் கட்டிக்கொண்டு மூன்று போகம் வானத்தைப் பார்த்திருப்பவன் நிலை என்ன? மும்மாதத்துக்கு ஒரு முறை நம்பிக்கையை வளர்த்து மும்மாதத்துக்கு ஒரு முறை முறிப்பது, மனத்தை உடைப்பதற்கு வேறு கருவி வேண்டாத ஒரு முறை.

இதன் விளைவு உளமருத்துவர்கள் நன்கறிந்தது. உறக்கம் போகிறது, வந்தாலும் கனவு எழுப்புகிறது. சப்பாத்துச் சத்தத்துக்கு நெஞ்சு பதறுகிறது. பெற்ற பிள்ளையைத் தூக்கும்போதும் கை மரத்துக் கிடக்கிறது. தப்பியதே குற்றமென்று எண்ணத் தோன்றுகிறது. சிலருக்கு உயிர் வாழ்வதே பாரமாகிறது. போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உழைத்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதினார். வடக்கில் உளமருத்துவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க தொகையினராயிருந்த காலம் அது. இவை நோய்கள், இவற்றுக்கு மருத்துவமும் உண்டு. மருத்துவம் உண்டென்றால் அதை மறுப்பது தண்டனை. தீர்ப்புப் பெறாதவனுக்கு அத்தண்டனையை விதித்தவர் யார்?

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது

இதற்கு மறுமொழியாக, புதிய சட்டம் வரட்டும் பார்ப்போம் என்பார்கள். புதிய சட்டம் வேண்டாம். இருக்கும் சட்டத்தை வாசித்தாற் போதும்.

அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான, மனிதத் தன்மையற்ற நடத்துகையையும் தடுக்கிறது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டம் உடல் வேதனையோடு உள வேதனையையும் சேர்த்தே சித்திரவதைக்கு இலக்கணம் கூறுகிறது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், தடுத்து வைக்கப்பட்டவர்களின் நலனைக் கண்காணிக்க அவ்விடங்களை ஒழுங்காகச் சென்று பார்க்கும் கடமையை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு விதிக்கிறது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்து வைக்கப்பட்டவரை நீதவான் நேரிற் சென்று கண்டு, அவர் நலத்தை விசாரித்துக் குறிப்பெழுத வேண்டும் என்கிறது.

நலம் என்ற அந்தச் சொல்லுக்கு எலும்பும் தோலும் மட்டுமா பொருள்? சித்திரவதையின் இலக்கணத்தில் மனம் உண்டென்றால் நலத்தின் இலக்கணத்திலும் மனம் உண்டு. நீதவான் முகாமுக்குச் செல்லும்போது அரசாங்க உளமருத்துவர் ஒருவரின் அறிக்கையைக் கோருவதற்குச் சட்டத்தின் எந்த வரி தடையாக நிற்கிறது? நாம் கோரவில்லை. நமது மனுக்களிலே சட்ட வைத்திய அதிகாரி உடற்காயத்தை அளந்து எழுத வேண்டுமென்று கேட்டோம். மனக்காயத்தை எழுதும்படி கேட்ட மனுக்கள் மிகச் சில. இதில் என் போன்ற சட்டத்தரணிகளுக்கும் பங்குண்டு.

வைத்தியர் யாருடைய ஆள்?

முகாமுக்குள் வைத்தியரை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறினார் வள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவன். காவலாளி என்று ஐந்தாவது உறுப்பு அதில் இல்லை. முகாமிலோ அந்த ஐந்தாமவன் மற்ற நால்வருக்கும் மேலே நிற்கிறான். வைத்தியருக்கு அனுமதி கொடுப்பவன் அவன். அறையின் மூலையில் நிற்பவன் அவன். குறிப்பேட்டை வாங்கிப் பார்ப்பவனும் அவன்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர் புனர்வாழ்வு என்ற பெயரால் முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களுள் 594 பேர் சிறுவர். அவர்களிற் பலர் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியிற் சில கல் தூரத்திலுள்ள இரத்மலானை இந்துக் கல்லூரியிலே தங்க வைக்கப்பட்டார்கள். தொழிற்பயிற்சி உண்டு, சமய போதனை உண்டு, உளவளத்துணையும் உண்டு என்று அரசாங்கம் கூறிற்று. பிள்ளைகளுக்குப் படிப்புக் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இராணுவ அதிகாரி. முகாம்களுக்குச் சென்று வந்த சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 2009 ஜூலையில் வாயில் அடைக்கப்பட்டது. நீதிமன்றக் கட்டளையின்றி மனிதரைத் திரளாக அடைத்து வைத்த இம்முறையை 2010 இல் சர்வதேச நீதியாளர் ஆணைக்குழு வன்மையாகக் கண்டித்தது.

அந்த முகாமிலிருந்த ஒருவனை எண்ணிப் பாருங்கள். உன்னை வருத்தும் கனவு எது என்று உளவளத்துணையாளர் அன்போடு கேட்கிறார். கனவிலே போர்க்களம் வருகிறது, துப்பாக்கி வருகிறது, பக்கத்தில் விழுந்த தோழன் வருகிறான். அதைச் சொன்னால் நோய் தீருமோ, வழக்கு வருமோ? விடுதலை தள்ளிப்போகுமோ? அவன் வாயைத் திறக்கமாட்டான். மனம் திறவாத இடத்தில் மனமருத்துவம் ஏது?

இது நம் நாட்டில் மட்டும் எழுந்த வினாவன்று. குவாந்தனாமோ முகாமில் அமெரிக்க இராணுவம் உளவியலாளரை விசாரணையாளருக்கு ஆலோசகராக அமர்த்திற்று. மனத்தை ஆற்றக் கற்ற கல்வி மனத்தை முறிக்கப் பயன்பட்டது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின், தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்குபற்றலாகாதென்று அமெரிக்க உளவியற் சங்கம் 2015 இல் தீர்மானித்தது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மண்டேலா விதிகள், சிகிச்சை பற்றிய முடிவு மருத்துவருக்கே உரியது, மருத்துவரல்லாத அதிகாரி அதை மாற்றலாகாது என்று விதித்தன. நோயாளி சொன்னது இரகசியமாக இருக்க வேண்டும். 15 நாட்களுக்கு மேல் தொடர்ந்து தனிமைச் சிறை ஆகாது என்பனவும் அவ்விதிகளே. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிருந்த மனிதரின் பெயரால் வந்த விதிகள் அவை.

தாய்மொழியில் அழும் உரிமை

கைகால் முறிந்தவனுக்கு மொழி தெரியாத வைத்தியரும் கட்டுப் போடலாம். மனம் முறிந்தவனுக்கு அது இயலாது. தாய்மொழியிற் சொல்ல முடியாத துயரம் பாதிச் சுமையாக உள்ளேயே தங்கிவிடுகிறது. பூசாவிலிருக்கும் மட்டக்களப்பு இளைஞன் தன் இரவுகளைப் பற்றிச் சிங்களம் மட்டும் அறிந்த வைத்தியருக்கு எப்படிச் சொல்வான்? ஒரு சிப்பாய் மொழிபெயர்ப்பாளராக நடுவில் நின்றாற் சொல்வானா?

சிங்கராசா வழக்கை நினைவுகூருங்கள். தனக்கு விளங்காத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் பதித்தவர் அவர். அந்த ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு அவருக்கு நீண்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2004 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவர் உரிமை மீறப்பட்டதெனக் கண்டது. 2006 இல் நமது உயர் நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் அளிக்க மறுத்தது. 1956 இல் மொழியுரிமை என்று நாம் குரலெழுப்பியபோது, கந்தோரிற் கடிதம் எழுதுவதற்கான சண்டை என்று ஏளனஞ் செய்தோர் இருந்தார்கள். மொழியுரிமை வைத்தியசாலைக் கட்டிலிலும் சிறைக் கொட்டடியிலும் கூட உயிர் காக்கும் உரிமை என்பதை அவர்கள் இப்போதாவது உணர்வார்களா? 1987 ஆம் ஆண்டிலிருந்து தமிழும் அரச கரும மொழியென்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்தச் சொல் சிறைக்குள் நுழையட்டும்.

நம் வீட்டுக் கதவுகள்

அரசாங்கத்தைக் கேட்டோம், நம்மையும் கேட்போம். விடுதலையாகி வருபவனை நாம் எப்படி வரவேற்கிறோம்? முதல் வாரம் மாலையும் பொங்கலும். இரண்டாம் மாதம் அவன் இரவிலே கத்தினால், "சத்தம் போடாதை, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்கிறோம். வைத்தியரிடம் கூட்டிச் செல்லச் சொன்னால், தங்கைக்குப் பேச்சுக்கால் நடக்கிறது, இந்த நேரத்தில் வேண்டாம் என்கிறோம். கொழும்பில் அங்கொடை என்ற ஊர்ப் பெயரை வசைச் சொல்லாக்கினோம். வடமராட்சியில் மந்திகையை அவ்வாறே ஆக்கினோம். நோய் தீர்க்கும் இடங்களின் பெயரைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்ட சமூகம், நோயாளி வாய் திறக்கவில்லையென்று யாரை நோவது?

வேறு வகைத் தடையும் நம்மிடம் உண்டு. சட்டத்தையே ஒழிக்க வேண்டுமென்று போராடுகிறோம். அச்சட்டம் கட்டிய சிறைக்கு வைத்தியர் கேட்டால் அச்சிறையை ஏற்றுக்கொண்டதாகாதா என்று சில தோழர்கள் வினவுகிறார்கள். நேர்மையான வினா, நேர்மையான விடை வேண்டும். சட்டத்தரணி வாரந்தோறும் சிறை வாயிலுக்குச் செல்கிறான். அதனால் அவன் சிறையை ஏற்றவனாவானா? குளக்கட்டுத் திருத்த வேண்டுமென்று போராடும் கமக்காரன், திருத்தி முடியும் வரை வாடும் பயிருக்குத் துலாவால் இறைக்க மாட்டேன் என்பானா? இச்சட்டத்தை நீக்குவதாக 2015 இல் ஜெனீவாவிலும் 2024 இல் தேர்தல் மேடையிலும் வாக்குறுதிகள் வந்தன. சட்டம் நீங்கினாலும், வேறு பெயரில் வந்தாலும், அடைபட்டவன் உள்ளம் அதுவரை காத்திருக்காது.

இது தமிழனுக்கு மட்டும் கேட்கும் நீதியுமன்று. 1971 இலும் 1987 முதல் 1989 வரையும் முகாம்களில் வதைபட்டவர்கள் சிங்கள இளைஞர்கள். தமிழிற் கவிதை எழுதிய முஸ்லிம் இளைஞர் அஹ்னாஃப் ஜசீம் 2020 மே மாதத்திற் பிடிக்கப்பட்டு, 2021 டிசம்பரிலேதான் பிணையில் வெளிவந்தார். 2023 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நம்மவரே துணுக்காயில் நடத்திய முகாமில் நம்மவரே அடைபட்டுச் சிதைந்ததையும் மறைக்கலாகாது. அவர்களிற் பலர் இன்றும் அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வாழ்கிறார்கள். தன் சிறையைப் பற்றி வாய் பொத்துகிறவனுக்குப் பிறன் சிறையைப் பற்றிப் பேச உரிமை குறைவு.

கேட்பவை ஐந்து

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வகுப்போம்.

முதலாவது: தடுப்புக் காவலில் வைக்கப்படும் ஒவ்வொருவரையும் ஆரம்பத்திலும், கட்டளை நீட்டப்படும் ஒவ்வொரு முறையும், சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவர் மனநிலை குறித்துப் பரிசோதிக்க வேண்டும். அம்மருத்துவர் பாதுகாப்பு அமைச்சின் சம்பளத்திலோ கட்டளையிலோ இருக்கலாகாது.

இரண்டாவது: பரிசோதனை அறையில் சீருடையணிந்தவர் நிற்கலாகாது. அங்கே சொல்லப்பட்ட எதுவும் சொன்னவனுக்கு எதிரான சாட்சியமாகலாகாது.

மூன்றாவது: நோயாளியின் மொழி பேசும் மருத்துவர் வேண்டும். கிடைக்காவிடின் படையைச் சாராத, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

நான்காவது: மனம் பாதிக்கப்பட்டவர் எனக் கண்டால் மருத்துவர் நீதவானுக்கு நேரே அறிவிக்கவும், நீதவான் அவரை வைத்தியசாலைக்கு மாற்றவும் ஒழுங்கு வேண்டும். தனிமைச் சிறை அவருக்கு ஒரு நாளும் ஆகாது.

ஐந்தாவது: விடுதலையின் பின்னும் சிகிச்சை தொடர வேண்டும். புலனாய்வாளர் படலையைத் தட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் எந்த மருந்தும் பலிக்காது. அந்த வருகைகள் நிறுத்தப்பட வேண்டும்.

அரசாங்கத்தின் மறுமொழி வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் வைத்தியர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் குறைவில்லை. தமிழ்ச் சங்க மண்டபம் இருக்கிறது. கோவில் மடங்களும் தேவாலய மண்டபங்களும் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வைத்தியரும் ஒரு சட்டத்தரணியும் ஒரே மேசையில் அமர்ந்து, விடுதலையானோரையும் அவர்தம் தாய்மாரையும் கட்டணமின்றிப் பார்க்க முடியாதா? வன்னியிலிருந்து வழக்குக்காக வந்து விடுதியில் உறங்காமற் கிடக்கும் கமக்காரனுக்கு அந்த மேசை எங்கே இருக்கிறதென்று சொல்ல முடியாதா? என் பங்குக்கு ஒரு சனிக்கிழமையை நான் ஒதுக்கிவிட்டேன்.

அந்த இரணைமடுக் கட்சிக்காரர் பின்னர் பல மாதம் ஓர் உளமருத்துவரிடம் சென்று வந்தார். காணி வழக்கு இணக்கமாக முடிந்தபோது மீண்டும் ஒரு பத்திரத்தை அவர் முன் வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மெல்ல வாசித்தார். மூன்றாம் பக்கத்திலே தகப்பனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையென்று சுட்டிக்காட்டி, திருத்தித் தரும் வரை பேனையைத் தொடவில்லை.

ஓர் உளமருத்துவர் அவருக்கு மீட்டுக் கொடுத்தது அதை. அதையே உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிறோம்.